அப்பாவுக்கு வராத கண்ணீர்

கேள்வி: என் அப்பா இறந்து ஏழு மாதம் ஆகிறது. அன்று எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. போன மாதம் கணவருடன் ஷேக்ஸ்பியரின் ‘லியர் அரசன்’ நாடகத்துக்குப் போனேன். கடைசிக் காட்சியில் கிழவர் இறந்த மகளைத் தூக்கிக்கொண்டு வந்ததும் விம்மி விம்மி அழுதேன். இரவு தூக்கமும் வரவில்லை. “காசு கொடுத்து அழுதுட்டு வர்றியே” என்று கணவர் இன்னும் கேலி செய்கிறார். பெற்றவருக்கு வராத கண்ணீர் ஒரு வேஷக்காரருக்கு வந்தால், என் அழுகை பொய்தானே?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: பொய்யில்லை. அதற்காக, “அப்பாவுக்கு அடக்கி வைத்ததுதான் அன்று கொட்டிவிட்டது” என்று தேற்றிவிட்டு நகரவும் எனக்கு மனமில்லை. அது பாதிதான் சரி.

அப்பா இறந்த நாளை நினைத்துப் பாருங்கள். யாருக்கெல்லாம் சொல்ல வேண்டும், மருத்துவமனைக் காகிதம் எங்கே, அம்மா ஏதாவது குடித்தாரா? சாவு வீட்டில் நெருங்கியவர்களுக்குத்தான் கை நிறைய வேலை. அரங்கில் உங்களுக்கு ஒரு வேலையும் கிடையாது. ஓடிப்போய்த் தடுக்க முடியாது, ஆறுதல் சொல்ல முடியாது. இருட்டில் உட்கார்ந்து பார்க்கலாம், அவ்வளவுதான். அப்படிப் பார்க்கும்போதுதான் ஒரு துயரம் முழுசாகக் கண்ணில் படுகிறது.

உங்கள் சங்கடத்தை கிரேக்கத் தத்துவஞானி பிளேட்டோ ஏறக்குறைய 2400 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவிட்டார். சொந்தத் துக்கத்தில் நெஞ்சைக் கல்லாக்கிக்கொள்கிறவன் நாடகத்தில் அடுத்தவன் துக்கத்துக்கு அழுகிறான். அழுது பழகிவிட்டால் அப்புறம் சொந்தத் துக்கத்திலும் அடக்கம் போய்விடும் என்று அவருக்குப் பயம். ஆகவே தன் இலட்சிய நகரத்தில் இப்படி அழவைக்கும் கவிஞர்களுக்கு இடமில்லை என்றார். அவருடைய மாணவர் அரிஸ்டாட்டில் வேறு மாதிரி யோசித்தார். துன்பியல் நாடகம் இரக்கத்தையும் அச்சத்தையும் எழுப்பி, அவற்றின் வழியாகவே ‘கதார்சிஸ்’ நிகழ்த்துகிறது என்றார். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று விளக்காமல் விட்டதுதான் வம்பு. பேதி மருந்து உடம்பைச் சுத்தம் செய்வது போல உணர்ச்சிகள் வெளியேறுகின்றன என்று ஒரு கட்சி, உணர்ச்சிகள் தெளிவடைகின்றன என்று இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. பேதி மருந்தாக இருந்திருந்தால் அன்றிரவு நீங்கள் நன்றாகத் தூங்கியிருப்பீர்களே!

நம் தொல்காப்பியம் அழுகைக்கு நான்கு காரணம் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இழவு நான்கில் ஒன்றுதான் என்பதைக் கவனியுங்கள். பிறர் இகழ எளியவராகிப் போவது இளிவு. முன்பிருந்த நிலை கெட்டு வருந்துவது அசைவு. லியருக்கு நான்கும் நேர்கின்றன. மூத்த மகள்கள் அவமதிக்கிறார்கள், அரசு போகிறது, புயலில் கூரையில்லாமல் நிற்கிறார், கடைசியில் இளைய மகளும் போகிறாள். செய்த தவறு என்ன? முகஸ்துதியை நம்பி, உண்மை பேசிய அதே மகளைத் துரத்தினார். எந்தப் பெற்றவரும் செய்யக்கூடியது. தண்டனை அதற்குப் பல மடங்கு. தகாத துன்பம் என்பதால் இரங்குகிறோம், நம்மைப் போன்றவருக்கு நேர்வதால் அஞ்சுகிறோம் என்று அரிஸ்டாட்டில் சொன்னது இதைத்தான்.

கடைசிக் காட்சியில் ஒரு பொத்தான் வரும். முதல் காட்சியில் வரைபடத்தை விரித்து நாட்டைப் பங்கு போட்டவர், இங்கே மகளின் மூச்சு படிகிறதா என்று பார்க்க ஒரு கண்ணாடி கேட்கிறார். சற்று நேரத்தில், “இந்தப் பொத்தானைக் கழற்றிவிடுங்கள்” என்கிறார். பொத்தான் அவருடைய உடுப்பிலா, மகளுடையதிலா என்பதில்கூட அறிஞர்களுக்குச் சண்டை. யாரோ கழற்றிவிடுகிறார்கள். “நன்றி ஐயா” என்கிறார். ஆணையிட்டே பழகிய வாய்! நான் படிக்கும்போதெல்லாம் உடைவது சாவில் அல்ல, அந்த நன்றியில்தான்.

இதையே உங்கள் அப்பாவின் பெயரோடு மேடையில் போட்டிருந்தால் நீங்கள் எழுந்து போயிருப்பீர்கள். கி.மு. 494இல் பாரசீகர்கள் மிலேட்டஸ் நகரை அழித்தார்கள். ஏதென்ஸ்காரர்களுக்கு அது உறவுக்கார ஊர். பிரினிக்கஸ் என்ற கவிஞர் அந்த அழிவையே நாடகமாக்கினார். அரங்கமே அழுதது. ஆனால் சொந்தக் கஷ்டத்தை நினைவுபடுத்தினாய் என்று 1000 திராக்மா அபராதமும், இனி யாரும் அந்த நாடகத்தைப் போடக் கூடாது என்று தடையும்தான் கிடைத்தன. அழுகை அதேதான், தூரம் இல்லாமல் போய்விட்டது. லியர் உங்களுக்கு யாரோ. அதனால்தான் கடைசிவரை பார்க்க முடிந்தது, பார்த்தபோது உங்கள் அப்பாவும் அதில் இருந்திருப்பார்.

உங்கள் கணவரைப் பற்றி ஒன்று. லியர் கதையை எல்லோராலும் தாங்க முடிந்ததில்லை. 1681இல் நேஹம் டேட் என்ற கவிஞர் நாடகத்தைத் திருத்தி எழுதி, மகளைப் பிழைக்க வைத்து, அவளுக்குக் கல்யாணமும் செய்து முடித்தார். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேடையில் ஓடியது அந்தச் சுபமுடிவுதான். பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில விமர்சகர் சாமுவேல் ஜான்சன் லேசுப்பட்ட ஆள் இல்லை. அவரே மகளின் சாவில் அதிர்ந்துபோய், பதிப்பாசிரியராகத் திருத்த வேண்டி வரும்வரை கடைசிக் காட்சிகளைத் திரும்பப் படிக்கவே இல்லை என்று எழுதியிருக்கிறார். கேலியும் சில சமயம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் வழிதான். உங்கள் கணவரிடம் சண்டை போடாமல் கேட்டுப் பாருங்கள்: அந்தப் பொத்தானைக் கழற்றியபோது அவர் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாரா, கைபேசியையா?