மழை டீம் தோற்கிறது, இன்னும் என்ன வாங்குவது?

இந்த முறை போகிமான் கேள்விகள் குவிந்துவிட்டன. அவற்றிலும் மழை, வெயில், பனி என்று வானிலையை நம்பிக் கட்டிய டீம்கள்தான் அதிகம். ஒன்றோடொன்று தொடர்புள்ளவை என்பதால் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: என்னிடம் போகிமான் ஸ்கார்லெட் இருக்கிறது. டி.எல்.சி. (பணம் கட்டி வாங்கும் கூடுதல் பகுதி) வாங்கவில்லை. டபுள்ஸ் (பக்கத்துக்கு இரண்டு பேர் இறங்கும்) ராங்க் போட்டிகளில் மழை டீம் ஆடுகிறேன்: பெலிப்பர், பாராஸ்குடா, ஃப்ளோட்ஸல், பாலாஃபின், கியாராடோஸ், டொண்டோஸோ. முதல் இரண்டு டர்ன் (சுற்று) அருமையாகப் போகும், அப்புறம் சரிந்துவிடும். எதிரில் வெயில் டீம் வந்தால் கேட்கவே வேண்டாம். டி.எல்.சி. வாங்கினால் பாஸ்கலீஜியன் கிடைக்கும் என்கிறார்கள். வாங்கட்டுமா?

பதில்: பாஸ்கலீஜியனுக்காக என்றால் வேண்டாம். அது கிடைப்பது உண்மைதான். டி.எல்.சி.யின் ‘டீல் மாஸ்க்’ பகுதியில் வெள்ளைக் கோடு போட்ட பாஸ்குலினைப் பிடித்து வளர்த்தால் வந்துவிடும். ஆனால் உங்கள் டீமில் ஏற்கெனவே ஆறும் தண்ணீர் வகை. மழையில் வேகம் இரட்டிப்பாகும் ஸ்விஃப்ட் ஸ்விம் ஆட்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். மூன்றாவதாக ஒருவர் வந்து என்ன செய்யப் போகிறார்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். பாராஸ்குடாவின் அடிப்படை வேகம் 136. ஐ.வி. (பிறவிப் புள்ளி) முழுதாக இருந்து, வேகத்துக்கு ஒரு ஈ.வி. (பயிற்சி) புள்ளிகூடப் போடாமல், நேச்சரும் (சுபாவமும்) வேகத்தைத் தொடாததாக வைத்தால் 50ஆம் லெவலில் அதன் வேகம் 156. மழையில் 312. முழுவதும் வேகத்துக்கே வளர்த்த ரெஜியெலெக்கியின் வேகம் 277. பூஸ்டர் எனர்ஜி என்ற ஐட்டத்தின் பலத்தை வேகத்துக்குத் திருப்பிய ஃப்ளட்டர் மேன் கூட 307தான். ஒன்றுமே போடாத பாராஸ்குடா மழையில் இவர்கள் இருவரையும் முந்துகிறது! எதிரி தன் ஆட்களின் வேகத்தை இரட்டிப்பாக்கும் டெயில்விண்ட் போடுவார் என்ற பயம் இருந்தால் மட்டும் வேகத்துக்குக் கொஞ்சம் ஒதுக்குங்கள். மீதியைத் தாக்குதலுக்கும் ஹெச்.பி.க்கும் (உயிர்ப் புள்ளிக்கும்) மாற்றினால் இதே பாராஸ்குடா புது ஆள் மாதிரி ஆடும். இதற்கு ஒரு செலவும் இல்லை. ஃப்ளோட்ஸல் இதே வேலையை இதைவிடக் குறைவாகச் செய்வதால் அதைக் கழற்றிவிடலாம்.

சரிவு ஏன் என்றால், மழைக்கு ஆயுள் 5 டர்ன். 2013-இல் எக்ஸ், வொய் கேம்கள் வந்ததிலிருந்து, அபிலிட்டியால் (போகிமானின் சொந்தத் திறனால்) வரும் மழைக்கும் அவ்வளவுதான். டாம்ப் ராக் என்ற ஐட்டத்தைப் பிடித்திருந்தால் 8. நீங்கள் மழை கொண்டுவரும் பெலிப்பரை முதல் வரிசையில் இறக்குகிறீர்கள் என்று யூகிக்கிறேன். அப்படி இறக்கினால் எதிரி ப்ரொடெக்ட் (அடியைத் தடுக்கும் மூவ்) போட்டும் ஆளை மாற்றியும் உங்கள் டர்ன்களைத் தின்கிறார். மழை நிற்கும்போது உங்களிடம் மிஞ்சுவது மழையில்லாமல் ஆடத் தெரியாத ஆட்கள்.

வெயில் டீமிடம் தோற்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. இரண்டு பக்கமும் வானிலை போடும் ஆட்கள் ஒரே நேரத்தில் இறங்கினால் வேகமானவரின் அபிலிட்டி முதலில் வேலை செய்யும், மெதுவானவருடையது அடுத்து வந்து அதை அழித்துவிடும். வெயில் போடும் டார்கோலின் அடிப்படை வேகம் 20, பெலிப்பருடையது 65. நீங்கள் போட்ட மழை கண்ணில் படுவதற்குள் வெயில் அடித்துவிடும். எதிரில் வெயில் போடுவது நைன்டேல்ஸ் என்றால் அதன் வேகம் 100, அங்கே மழை நிலைக்கும். மணற்புயல் போடும் டிரானிடார் 61 என்பதால் யார் எவ்வளவு வளர்த்தார்கள் என்பதைப் பொறுத்தது. மழைக்காரர்கள் சிலர் பெலிப்பரின் வேகத்தை வேண்டுமென்றே குறைப்பது இதனால்தான்.

இதற்கான மருந்து உங்கள் டீமிலேயே இருக்கிறது. பாலாஃபினை முதலில் இறக்குங்கள். ஃபிளிப் டர்ன் என்ற மூவை அடித்துவிட்டுப் பின்னால் போகட்டும், அந்த இடத்தில் பெலிப்பர் வரட்டும். டார்கோல் போட்ட வெயில் போய், புது மழை 5 டர்னோடு வரும். அடுத்து பாலாஃபின் திரும்பும்போது பலம் கூடிய ஹீரோ வடிவத்தில் வரும். அதன் ஜெட் பஞ்ச் முந்திக்கொண்டு அடிப்பது, மழையில் தண்ணீர் அடி ஒன்றரை மடங்கு. வேகமே தேவைப்படாத மழை ஆள் அது. இந்த ஜோடியை வைத்துக்கொண்டு நீங்கள் பாஸ்கலீஜியனைத் தேடுவது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

டொண்டோஸோ டாட்சுகிரியோடு சேர்ந்தால்தான் டபுள்ஸில் அதற்கு மதிப்பு. தனியாக எதற்கு? எதிரியின் தாக்குதலைக் குறைக்கும் கியாராடோஸின் இண்டிமிடேட் நல்லதுதான், ஆனால் மின்சார அடியில் நான்கு மடங்கு வாங்கும் ஆள் பெலிப்பரோடு இரண்டு பேர் வேண்டாம். காலியாகும் மூன்று இடங்களில் புல்லையும் மின்சாரத்தையும் தாங்குபவர்களைப் போடுங்கள். அமூங்கஸ் இரண்டையும் தாங்கும், ரேஜ் பவுடர் போட்டு அடியைத் தன் பக்கம் இழுக்கும். கிங்காம்பிட் மழை இல்லாதபோதும் ஆடும். மழை இருக்கும்போதோ அதற்கு ஆகாத நெருப்பு அடி பாதியாகக் குறையும். இரண்டுமே உங்கள் கேமிலேயே கிடைக்கும்.

ஆறாவது இடத்துக்கு ஆர்கலூடான். எலக்ட்ரோ ஷாட் என்ற அதன் மூவுக்கு மற்ற நேரத்தில் ஒரு டர்ன் காத்திருக்க வேண்டும். மழையில் உடனே அடிக்கும், கூடவே ஸ்பெஷல் தாக்குதலும் ஒரு படி ஏறும். மழை டீமுக்கு இதைவிடப் பொருத்தமான தண்ணீரல்லாத ஆள் அரிது. அது ‘இண்டிகோ டிஸ்க்’ பகுதியைச் சேர்ந்தது. ஆனால் கேமின் இலவச அப்டேட்டைப் போட்டிருந்தால் டி.எல்.சி. வாங்காதவர்களும் ட்ரேடில் பெற்றுக்கொள்ளலாம். டி.எல்.சி. வைத்திருக்கும் நண்பரிடம் ஒன்றைக் கேளுங்கள். கதைக்காகவும் புது இடங்களுக்காகவும் டி.எல்.சி. வேண்டும் என்றால் தாராளமாக வாங்குங்கள், அது வேறு விஷயம். நீங்கள் ஆடும் ரெகுலேஷனில் (போட்டி விதித் தொகுப்பில்) அந்த போகிமானுக்கு அனுமதி இருக்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும்.

எதையும் கேமில் வளர்ப்பதற்கு முன் ‘போகிமான் ஷோடவுன்’ தளத்தில் இந்த ஆறு பேரை எழுதி ஆடிப் பாருங்கள். பிரவுசரிலேயே ஓடும், இலவசம். தோற்ற ஆட்டங்களின் ரீப்ளேயைச் சேமித்து, மழை எந்த டர்னில் நின்றது, அப்போது களத்தில் யார் இருந்தார்கள் என்று மட்டும் குறித்து வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். இரண்டு ஆட்களையும் மூன்று ஐட்டங்களையும் ஒரே ராத்திரியில் மாற்றிவிட்டு எது வேலை செய்தது என்று கேட்டால் பதில் கிடைக்காது.

பெலிப்பருக்கு டாம்ப் ராக்கா, ஒரே அடியில் விழாமல் காக்கும் ஃபோகஸ் சாஷ் ஐட்டமா என்ற கேள்வி அடுத்து வரும். சிங்கிள்ஸ் என்றால் யோசிக்காமல் டாம்ப் ராக். டபுள்ஸில் ஆட்டம் சீக்கிரம் முடியும், பெலிப்பரும் சீக்கிரம் விழும். அதனால் என் ஓட்டு சாஷுக்கு. உயிரோடு பின்னால் போய் இன்னொரு முறை இறங்கினால் மறுபடி 5 டர்ன் கிடைக்கிறதே.

கேள்வி: என் பையனிடம் ஸ்கார்லெட் இருக்கிறது. வெயில் டீம் கட்ட அதன் ஜோடிப் பதிப்பான வயலெட்டும் வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். இரண்டும் வாங்க வேண்டுமா? எனக்கு இந்த விளையாட்டே புரியாது.

பதில்: வேண்டாம் அம்மா. வெயில் டீமுக்கு அவன் கையில் இருக்கும் ஸ்கார்லெட்தான் சரியான பதிப்பு. வெயிலில் பலம் கூடும் பழங்கால போகிமான்கள் (கிரேட் டஸ்க், ஃப்ளட்டர் மேன், ரோரிங் மூன் போன்றவை) ஸ்கார்லெட்டில்தான் பிடிபடும். களத்துக்கு வந்தாலே வெயிலைக் கொண்டுவரும் கொராய்டானும் அதில்தான். வயலெட்டின் எதிர்கால போகிமான்களுக்குப் பலம் தருவது மின்சாரக் களம், வெயில் இல்லை.

ஆக, இந்தக் காரணம் நிற்காது. அவனுக்கு வேறு ஏதோ காரணம் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். வயலெட்டில் மட்டும் உள்ள ஒன்று நிஜமாகவே வேண்டுமென்றால், அந்தப் பதிப்பு வைத்திருக்கும் நண்பனோடு ட்ரேட் செய்துகொள்ளலாம். இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து செய்தால் ஆன்லைன் சந்தாகூடத் தேவையில்லை.

கேள்வி: ஒரு இணையதளத்தில் முழு மணற்புயல் டீமையும் விற்கிறார்கள். ஆறும் ஷைனி (அரிய நிறம்), ஆறு ஐ.வி.யும் முழுசு, வாங்கியவுடன் ஆடலாம். நேரம் மிச்சம்தானே?

பதில்: ஆறும் ஷைனி, எல்லா எண்ணும் கச்சிதம், கேட்ட நேரத்தில் டெலிவரி என்றால் அவை மென்பொருளால் உருவாக்கப்பட்டவை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பல நேரம் அவற்றின் பயிற்சியாளர் பெயரிலேயே தளத்தின் முகவரி எழுதியிருக்கும். நண்பர்களோடு ஆடும்போது யாரும் கேட்க மாட்டார்கள். அதிகாரப்பூர்வப் போட்டியில் சோதனை உண்டு. 2023 ஆகஸ்டில் யோகோஹாமாவில் நடந்த உலகப் போட்டியில் இப்படிப்பட்ட போகிமான்களுக்காகச் சிலர் தகுதி நீக்கம் செய்யப்பட்டார்கள். உங்கள் டீம் பிடிபட்டால் விற்றவர் பணத்தைத் திருப்பித் தருவாரா?

நேரம் மிச்சம் என்ற வாதமும் இப்போது வலுவிழந்துவிட்டது. நேச்சரின் விளைவை மாற்ற மின்ட், ஐ.வி.க்கு பாட்டில் கேப், ஈ.வி.க்கு வைட்டமின் என்று எல்லாம் கேமுக்குள் சம்பாதிக்கும் காசுக்கே கிடைக்கிறது. ஒரு வைட்டமினுக்கு 10 ஈ.வி. ஏறும். ஒரு குணத்துக்கு உச்சம் 252, மொத்தம் 510. பாட்டில் கேப் போட ஸ்கார்லெட், வயலெட்டில் 50ஆம் லெவலே போதும். அதுவும் முடியாது என்றால் ரெண்டல் டீம் இருக்கிறது. ஆடுபவர்கள் பகிரும் குறியீட்டைத் தட்டினால் அவர்களுடைய டீமை அப்படியே இரவல் வாங்கி ராங்க் ஆடலாம். மணற்புயல் உங்கள் கைக்கு ஒத்துவருகிறதா என்று பார்க்க இதுவே சிறந்த வழி. மணற்புயலில் வேகமெடுக்கும் எக்ஸ்காட்ரில் பார்க்க மிரட்டலாக இருக்கும், ஆட ஆரம்பித்தால் பலருக்குப் பிடிக்காமல் போகும்.

கேள்வி: அபிலிட்டி பேட்ச் (மறைவு அபிலிட்டியைத் தரும் ஐட்டம்) ஒன்றே ஒன்று இருக்கிறது. பெலிப்பருக்கா, பாலிடோடுக்கா?

பதில்: பாலிடோடுக்கு. அதற்கு மழை கொண்டுவரும் ட்ரிஸ்ஸில் மறைவு அபிலிட்டி, பேட்ச் இல்லாமல் மாற்ற முடியாது. பெலிப்பருக்கு அது சாதாரண அபிலிட்டி. இப்போது அதற்கு கீன் ஐ என்ற வேறு அபிலிட்டி இருந்தால் அபிலிட்டி கேப்ஸ்யூல் போதும். பெலிப்பருக்குப் போய் பேட்ச் போட்டால் ரெயின் டிஷ் வரும், மழை போடும் ஆள் மழையை ரசிக்கும் ஆளாகிவிடும்! டார்கோலும் இதே கதை: வெயில் தரும் ட்ரவுட் சாதாரணம், பேட்ச் போட்டால் ஷெல் ஆர்மர். ட்ரவுட் வேண்டிய நைன்டேல்ஸுக்கு மட்டும் பேட்ச் தேவை.

கேள்வி: பழைய போகிமான் கையேடு ஒன்று செகண்ட் ஹேண்டில் கிடைக்கிறது. ஆலங்கட்டி டீம் பற்றி நிறைய எழுதியிருக்கிறதாம். பனி டீமுக்கு உதவுமா?

பதில்: சேகரிக்க வாங்குங்கள், ஆட வாங்காதீர்கள். ஸ்கார்லெட், வயலெட்டில் ஆலங்கட்டியே கிடையாது. 2022-இல் அதன் இடத்துக்குப் பனி வந்தது. ஆலங்கட்டி ஒவ்வொரு டர்னும் கொஞ்சம் ஹெச்.பி.யைத் தின்னும், பனி யாரையும் காயப்படுத்தாது. பதிலாகப் பனி வகைக்கு டிஃபென்ஸ் ஒன்றரை மடங்கு ஆகும். எதிரியைக் கரைத்து ஜெயிக்கும் பழைய யோசனையெல்லாம் அதோடு போயிற்று. பிளிசார்ட் என்ற பனி அடி தவறாமல் படும், அரோரா வேல் என்ற பாதுகாப்புத் திரை போடலாம் என்ற இரண்டும் அப்படியே இருக்கின்றன. 2013-க்கு முந்தைய புத்தகம் என்றால் அபிலிட்டியால் வரும் வானிலை முடிவே இல்லாமல் நீடிக்கும் என்று வேறு போட்டிருக்கும்.

கேள்வி: 3டிஎஸ் என்ற பழைய கருவியில் பல வருடமாகச் சேர்த்த மழை டீமை ஸ்கார்லெட்டுக்குக் கொண்டுவர போகிமான் ஹோம் (போகிமான்களைச் சேமித்து கேம்களுக்கிடையே மாற்றும் சேவை) கட்டணத் திட்டம் ஒரு வருடத்துக்கு எடுக்கலாமா?

பதில்: ஒரு வருடம் எதற்கு? 3டிஎஸ்ஸின் சேமிப்பிடமான போகிமான் பேங்க்கிலிருந்து ஹோமுக்கு மாற்றத்தான் பிரீமியம் திட்டம் கட்டாயம். அதற்கு 30 நாள் சந்தா போதும். சந்தா முடிவதற்குள் ஆட வேண்டியவர்களை ஸ்கார்லெட்டுக்குள் இறக்கிவிடுங்கள். இலவசத் திட்டத்தில் ஹோமில் 30 போகிமானுக்குத்தான் இடம்.

பணம் கட்டும் முன் இரண்டைப் பாருங்கள். 3டிஎஸ் ஆன்லைன் கடை 2023 மார்ச்சில் விற்பனையை நிறுத்திவிட்டது. அதனால் அந்தக் கருவியில் பேங்க் முன்பே இறக்கப்பட்டிருக்க வேண்டும். அடுத்து, உங்கள் பழைய ஆட்கள் ஸ்கார்லெட்டில் இருக்கிறார்களா என்று ஒவ்வொரு பெயராகச் சரிபாருங்கள். எல்லா போகிமானும் அதில் இல்லை, இல்லாதவை ஹோமைத் தாண்டி ஸ்கார்லெட்டுக்குள் வராது. திரும்ப 3டிஎஸ்ஸுக்கு அனுப்பவும் வழி கிடையாது. போட்டிக்காகத்தான் இவ்வளவும் என்றால், போட்டிகள் எந்த கேமில் நடக்கின்றன என்பதையும் அன்றைய தேதியில் பாருங்கள். சண்டைக்கென்றே ‘போகிமான் சாம்பியன்ஸ்’ என்ற தனி கேம் 2025 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. அதுவும் ஹோமோடு இணைவது.