அக்காவின் புகழும் தங்கையின் குரலும்

கேள்வி: என் அக்கா பெயர்பெற்ற பரதநாட்டியக் கலைஞர். நானும் ஆடுகிறேன், எங்கு சென்றாலும் ‘இன்னாரின் தங்கை’ என்றே அறிமுகப்படுத்துகிறார்கள். ஆடுவதை விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிடாதீர்கள், சகோதரி. 1929இல் பிறந்த லதா மங்கேஷ்கருக்கு நான்கு வயது இளையவரான ஆஷா போஸ்லே பாட வந்த காலத்தில், இந்தித் திரையுலகின் சிறந்த பாடல்கள் அக்காவையே தேடிச் சென்றன; தங்கைக்கு வாய்த்தவை பெரும்பாலும் துணைப் பாத்திரங்களுக்கும் கேளிக்கை விடுதிக் காட்சிகளுக்கும் உரியவை. அவற்றை இளக்காரமாக எண்ணாமல், மூச்சை இழுத்துவிடுவதிலும் சொல்லின் கடைசி எழுத்தை இழைய விடுவதிலும் அவர் காட்டிய அக்கறையே தனிப் பாணியாக வளர்ந்தது என்பது என் கருத்து. லதாவைப் பாடவைக்காமலேயே புகழ்பெற்ற இசையமைப்பாளர் ஓ.பி. நய்யர், ஆஷாவுக்குக் கதாநாயகிப் பாடல்களைத் தந்தார். 1981இல் வெளியான ‘உம்ராவ் ஜான்’ படத்தில், இசையமைப்பாளர் கய்யாமின் விருப்பப்படி வழக்கமான சுருதியைத் தாழ்த்தி, உருதுக் கவிதைப் பாடல்களான கஜல்களைப் பாடியபோதுதான் அவருக்குத் தேசிய விருதே கிடைத்தது. படம் வெளியானபோது அவருக்கு வயது நாற்பத்தேழு. இந்தியத் திரைத்துறையின் உயரிய விருதான தாதாசாகேப் பால்கே விருது லதாவுக்கு 1989ஆம் ஆண்டுக்கும் ஆஷாவுக்கு 2000ஆம் ஆண்டுக்கும் வழங்கப்பட்டது.

ஒப்பீடு நிற்காது; அதை எண்ணி வருந்துவதைக் குறைத்துக்கொண்டு, உங்கள் அக்கா அதிகம் தொடாத, அபிநயத்துக்குரிய பாடல்வகைகளான பதங்களையும் ஜாவளிகளையும் ஆழ்ந்து பயிலுங்கள். ஐயம் எழுந்தால் அவரிடமே கேட்கவும் தயங்க வேண்டாம்.