அறை வாடகையில் 2 சதவீதம்: கட்டித்தான் ஆக வேண்டுமா?

கேள்வி: கலிஃபோர்னியாவில் 32 அறை மோட்டல் ஒன்றை அண்மையில் வாங்கினோம். மாதாமாதம் நகராட்சிக்குக் கட்டும் தங்கல் வரியோடு, ‘டூரிசம் அசெஸ்மென்ட்’ என்று 2 சதவீதமும் கேட்கிறார்கள். எதன்மேல் கணக்கிடுவது? வேண்டாமென்றால் விலகலாமா?

பதில்: நீங்கள் மட்டும் விலக முடியாது. 1994-ஆம் ஆண்டு மாநிலச் சட்டப்படி, ஊர் விடுதிக்காரர்கள் மனுப்போட்டு அமைத்த சுற்றுலா மேம்பாட்டு மாவட்டத்துக்கான கட்டணம் இது. இங்கே மாவட்டம் என்பது நிர்வாக மாவட்டம் அல்ல, இந்தக் கட்டணம் கட்டும் விடுதிகள் அடங்கிய வட்டாரம். வசூலிப்பது நகராட்சி, செலவழிப்பது லாப நோக்கற்ற அமைப்பு. கட்டுகிறவர்களின் அறைகள் நிரம்பத்தான் அந்தப் பணம் போக வேண்டும். சாலைக் குழி அடைக்க எடுத்தால், அது கட்டணம் அல்ல, வரி என்று வழக்கு வரும்.

கணக்கு அறை வாடகைமேல்தான். மாத வாடகை 60,000 டாலர், அதில் 30 நாளுக்கு மேல் தங்கியவர்கள் தந்தது 9,000 என்றால், மிச்சம் 51,000-க்கு 1,020 டாலர். நீண்ட தங்கலுக்குப் பெரும்பாலான ஊர்களில் விலக்கு உண்டு. அரசு ஊழியருக்குத் தங்கல் வரியில் விலக்கு இருக்கிறதே என்று இதையும் விட்டுவிடாதீர்கள். இதற்கும் விலக்கு உண்டென்று மாவட்டத் திட்டத்தில் தனியே எழுதியிருக்க வேண்டும். அந்தத் திட்டத்தின் நகலை நகராட்சி எழுத்தரிடம் முதலில் கேட்டு வாங்குங்கள்.

தப்பு பெரும்பாலும் பில் போடும் மென்பொருளில்தான். 100 டாலர் அறைக்கு 12 சதவீத வரியைச் சேர்த்து, 112-க்கு 2 சதவீதம் போட்டுவிடும்: 2 டாலர் வரவேண்டிய இடத்தில் 2.24. விருந்தினரிடம் கூடுதலாக வாங்கிய 24 சென்ட்டுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். விருந்தினரிடமே வசூலிப்பதானால் பில்லில் தனி இனமாகக் காட்டுங்கள், தங்கல் வரியோடு கலக்காதீர்கள்.

மாவட்டத்தையே கலைக்க வழியுண்டு. ஆண்டுதோறும் 30 நாள் அவகாசம் வரும். மொத்தக் கட்டணத்தில் பாதியோ அதற்கு மேலோ கட்டுகிறவர்கள் அப்போது மனுக் கொடுத்தால், நகர மன்றம் கலைப்புத் தீர்மானத்தை எடுத்து விசாரணை நடத்தியே ஆகவேண்டும். தலைக்கு ஒரு ஓட்டு அல்ல, கட்டும் டாலருக்குத் தக்க ஓட்டு. ஆக, 300 அறை ஹோட்டல் சேராமல் சின்ன மோட்டல்கள் மட்டும் கையெழுத்துப் போட்டு ஒன்றும் ஆகாது.

அதைவிட, பணத்தைச் செலவழிக்கும் அந்த அமைப்பின் கூட்டத்துக்குப் போங்கள். நிகழ்ச்சி நிரல் 72 மணி நேரம் முன்பே ஒட்டப்படும், யாரும் பேசலாம். மாவட்டத்தை முதலில் அமைக்கும்போது ஆயுள் 5 ஆண்டு வரை, புதுப்பித்தால் 10 வரை. புதுப்பிக்கும் நேரத்தில்தான் சின்ன விடுதிகளுக்கு விலக்குக் கேட்க வாய்ப்பு அதிகம்.