இயந்திரத் திருத்துநராக விரும்பும் மகன்: அட்டன் தாயொருவருக்குப் பதில்

அன்புள்ள அம்மாவுக்கு,

சாதாரண தரம் முடித்த உங்கள் மகன் இயந்திரத் திருத்துநர் பயிற்சிக்குப் போக விரும்புவதாகவும், "கொழுந்து பறித்துப் படிக்க வைத்தது கையில் கிரீஸ் பூசவா?" என்று உறவினர் கேட்பதாகவும் எழுதியிருந்தீர்கள். லயத்திலிருந்து ஒரு பிள்ளையாவது மேசை உத்தியோகத்தில் அமர வேண்டும் என்ற ஏக்கம் எனக்குப் புரிகிறது. ஆயினும் மகனின் விருப்பத்தைத் தடுக்க வேண்டாம் என்றே சொல்வேன்.

நீங்கள் பறிக்கும் கொழுந்து இரவெல்லாம் வாட்டப்பட்டு, அரைபட்டு, நொதித்தவுடன் டிரையர் எனும் உலர்த்தும் இயந்திரத்துக்குள் போயாக வேண்டும். பிந்தினால் சுவை கெட்டு, கொழும்பு ஏலத்தில் விலை விழும். ஒரு தேயிலைத் தொழிற்சாலையில், வயதான திருத்துநர் ஒருவர் திருப்புளியின் நுனியை டிரையர் காற்றாடியின் சுழல்தண்டைத் தாங்கும் பெயரிங்கில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "இது அதிக நாள் தாங்காது" என்றார். வேலையில்லாத ஞாயிறன்று அதை மாற்றியதால் ஒரு கிலோ தேயிலையும் வீணாகவில்லை. தேயிலை ஏற்றுமதியால் நாட்டுக்கு ஆண்டுதோறும் 100 கோடி டொலருக்கு மேல் கிடைக்கிறது. டொலர் இல்லாமல் 2022இல் எரிபொருள் வரிசையில் நின்றதை நாம் மறக்கவில்லை. அந்த வருமானத்தைக் காக்கும் கைகளில் அவருடையதும் ஒன்று.

ஆனால் அவரிடம் சான்றிதழ் இல்லாததால், கடைசிவரை சாதாரணத் தொழிலாளியின் சம்பளமே கிடைத்தது. இது என்னை இன்றும் வருத்துகிறது. உங்கள் மகனுக்கு அந்த நிலை வரக்கூடாது. தேசிய தொழிற்தகைமை (NVQ) எனும் தொழிற்சான்றிதழ் முறையின் 4ஆம் மட்டத்தை எட்டும் முன் அவர் பயிற்சியை நிறுத்தக்கூடாது. அதுவே முழுத் தேர்ச்சி பெற்ற கைவினைஞருக்குரிய மட்டம். 5உம் 6உம் டிப்ளோமா மட்டங்கள், 7 பட்டத்துக்குரியது. ஆகவே, இப்போது உயர்தரத்துக்குப் போகாவிட்டாலும் இரத்மலானையிலுள்ள தொழிற்கல்விப் பல்கலைக்கழகம் வரை செல்ல வழியுண்டு.

சேர்க்கும் முன், அந்தப் பயிற்சி நிலையம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்யப்பட்டதா, பாடநெறி தமிழில் நடக்கிறதா என்று கேளுங்கள். சிங்களத்தில் மட்டும் நடக்கும் வகுப்பில் நம் பிள்ளைகள் பின்தங்கி, பாதியில் வீடு திரும்பியதைப் பலமுறை கண்டிருக்கிறேன். பெறுபேற்றுத் தாளுடன் மகனை அழைத்து வாருங்கள். விண்ணப்பத்தைச் சேர்ந்தே நிரப்புவோம்.