பழைய கார், மூத்த ஓட்டுநர்: இன்சூரன்ஸ் கேள்வி-பதில்

பழைய கார் வைத்திருக்கும் பெரியவர்களிடமிருந்துதான் இந்த முறை கேள்விகள் அதிகம். அம்பாசடர், பத்மினி, ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், கான்டெஸா என்று பெயர்களைப் படிக்கும்போதே மனசுக்குச் சந்தோஷம். கவலை மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான். வருஷா வருஷம் பிரீமியம் ஏறுகிறது, ஏன் என்று கேட்டால் நேரான பதில் வருவதில்லை.

"எனக்கு 71 வயசுங்க. 1986 மாடல் பெட்ரோல் அம்பாசடர், ஒரு கிளெய்ம்கூட வாங்குனதில்லை. இந்த வருஷம் பிரீமியம் எகிறிப் போச்சு. 'வயசானவங்களுக்கு அப்படித்தானுங்க' என்கிறார் ஏஜென்ட். லண்டன்ல இருக்கிற பையனும் அங்கே அப்படித்தான்னு சொல்றான். நிஜமா?"
– கோபி வாசகர்

பையன் சொல்வது அவர் இருக்கும் ஊருக்குச் சரி. பிரிட்டனில் ஓட்டுபவரின் வயதையும் பார்த்துத்தான் பிரீமியம் போடுகிறார்கள். நம் நாட்டில் தேர்ட் பார்ட்டி (உங்கள் வண்டியால் மற்றவருக்கு ஆகும் சேதத்துக்கான) பிரீமியத்துக்கும் உங்கள் வயதுக்கும் சம்பந்தமே இல்லை. அது மத்திய அரசு அறிவிக்கும் தொகை. எந்தக் கம்பெனியும் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. 2022 ஜூன் 1-ல் நடைமுறைக்கு வந்த அட்டவணைப்படி, இன்ஜின் அளவு 1000 சி.சி. வரை என்றால் ₹2,094, 1000-க்கு மேல் 1500 வரை ₹3,416, 1500-க்கு மேல் ₹7,897. இதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி.

ஐயா, இப்போது உங்கள் ஆர்.சி.யையும் பாலிசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் 1986 வண்டியின் இன்ஜின் 1489 சி.சி. பின்னால் வந்த இசுசு இன்ஜின் அம்பாசடர் 1817 சி.சி. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே வண்டி மாதிரிதான். கம்ப்யூட்டரில் மாடலைத் தேர்வு செய்பவர் 'அம்பாசடர் 1800' என்று அழுத்திவிட்டால் ₹3,416-க்குப் பதில் ₹7,897 விழும். ஜி.எஸ்.டி.யோடு சேர்த்தால் வருஷத்துக்கு ₹5,200-க்கு மேல் வித்தியாசம். இந்தத் தவறைப் பழைய வண்டிப் பாலிசிகளில் அடிக்கடி பார்க்கிறேன். ஆர்.சி. நகலோடு கடிதம் கொடுத்தால் திருத்தித் தருவார்கள்.

மறுபக்கமும் உண்டு. இன்ஜினை மாற்றிவிட்டு ஆர்.சி.யில் பதியாமல் ஓட்டினால், பிரீமியம் குறைவாக இருக்கும். விபத்து நடந்த அன்று அதுவே கழுத்தைப் பிடிக்கும். மாற்றியிருந்தால் முதலில் ஆர்.டி.ஓ. ஆபீஸில் பதியுங்கள்.

அடுத்து, உரிமையாளர்-ஓட்டுநருக்கான ₹15 லட்சம் விபத்துக் காப்பு. இது ஆளுக்கு ஒன்று இருந்தால் போதும். கார், ஸ்கூட்டர், தோட்டத்து ஜீப் என்று ஒவ்வொரு பாலிசியிலும் தனித்தனியாகக் கட்ட வேண்டியதில்லை. அதேபோல், கிளெய்மே வாங்காமல் 90 நாள் இடைவெளி விடாமல் புதுப்பித்து வந்திருந்தால், ஓன் டேமேஜ் (உங்கள் சொந்த வண்டியின் சேதத்துக்கான) பகுதியில் 50 சதவீதம் என்.சி.பி., அதாவது கிளெய்ம் வாங்காததற்கான கழிவு, இருக்க வேண்டும். இருக்கிறதா என்று பாருங்கள்.

இத்தனையும் சரியாக இருந்தும் தொகை அதிகம் என்றால், ஏறியிருப்பது ஓன் டேமேஜ் பகுதி. 2007 முதல் அதன் விலை கம்பெனியின் கையில். 10 வருடம் தாண்டிய வண்டி என்றாலே கூட்டிப் போடுவார்கள். ஒரே ஏஜென்ட்டோடு நிற்காமல் அரசுப் பொதுத்துறைக் கம்பெனிகள் உட்பட மூன்று இடத்தில் விலை கேளுங்கள்.

"1991 கான்டெஸா. நாலு லட்சம் செலவு பண்ணித் தயார் பண்ணினேன். கம்பெனி ஐ.டி.வி. ₹60,000-தான் போடுது. பிரீமியம் குறையுதேன்னு விட்டுட்டேன். பரவாயில்லையா?"
– கோவை, சிங்காநல்லூர் வாசகர்

விடாதீர்கள். பழைய வண்டிக்காரர்கள் அதிகம் ஏமாறுகிற இடம் இதுதான்.

வண்டி மொத்தமாகப் போனால் உங்களுக்குக் கிடைக்கும் உச்சத் தொகை ஐ.டி.வி. அது மட்டுமல்ல. பழுது பார்க்கும் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால், அதை 'டோட்டல் லாஸ்' என்று எடுத்துக்கொள்வார்கள். உங்கள் கணக்கில் அது ₹45,000. ஒரு பக்கக் கதவு, முன் ஃபெண்டர், குரோம் பம்பர், டிங்கரிங், பெயின்ட் என்று போனாலே அந்தத் தொகை வந்துவிடும். நாலு லட்சம் போட்டு உயிர் கொடுத்த வண்டியை, ஓரமாக உரசிய ஒரு டெம்போ காகிதத்தில் சாகடித்துவிடும்.

ஐந்து வருடம் வரைக்கும்தான் தேய்மானத்துக்கு அட்டவணை உண்டு. அதற்கு மேற்பட்ட வண்டிக்கும், உற்பத்தி நின்றுபோன மாடலுக்கும் மதிப்பை உரிமையாளரும் கம்பெனியும் பேசி முடிவு செய்வது என்பதே விதி. கம்ப்யூட்டர் காட்டும் தொகை அந்தப் பேச்சின் ஆரம்பம், முடிவு அல்ல. உரிமம் பெற்ற சர்வேயர் (இன்சூரன்ஸுக்காக வண்டியையும் சேதத்தையும் மதிப்பிடுபவர்) ஒருவரிடம் மதிப்பீட்டு அறிக்கை வாங்குங்கள். சேஸிஸ் எண், இன்ஜின் எண், உள்பக்க சீட், அடித்தளம் எல்லாம் தெரியும்படி தேதியோடு போட்டோ எடுங்கள். பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். ஐ.டி.வி. கூடினால் பிரீமியமும் கூடும், தெரிந்ததுதான். ஆனாலும் சந்தையில் இன்று அந்த வண்டி என்ன விலைக்குப் போகுமோ அதற்குக் கீழே இறங்காதீர்கள்.

கோவைக்காரர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். கம்பெனி கைவிட்ட உதிரிப் பாகத்தைக்கூட அச்சு அசலாக வார்த்துக் கடைந்து கொடுக்கும் பட்டறைகள் நம் ஊரில் இருக்கின்றன. கதவுக் கீலிலிருந்து வாட்டர் பம்ப் வரை லேத்தில் செய்து வாங்குகிறோம். வேலை தங்கமாக இருக்கும். பில் மட்டும் துண்டுச் சீட்டில் இருக்கும். சர்வேயர் கையில் அந்தச் சீட்டு செல்லாது. என்ன பாகம், என்ன உலோகம், கூலி எவ்வளவு, பொருள் எவ்வளவு என்று பிரித்து ஜி.எஸ்.டி. பில் கேளுங்கள். பிரித்து எழுதுவதில் பெரிய லாபம் இருக்கிறது. 10 வருடம் தாண்டிய வண்டியில் உலோகப் பாகத்துக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். ரப்பர், பிளாஸ்டிக், பேட்டரிக்கும் 50. கூலியில் தேய்மானம் கிடையாது. மொத்தமாக 'பம்பர் வேலை ₹18,000' என்று எழுதினால் கூலியும் சேர்ந்து வெட்டுப்படும்.

"லைசென்ஸ் முடிஞ்சு நாலு மாசம் ஆச்சு. எனக்கு 68. தோட்டத்துல இருந்து தாராபுரம் டவுனுக்குத்தான் பத்மினிய எடுத்துட்டுப் போறேன். இன்சூரன்ஸ் கரெக்டா இருக்கு. பயப்படணுங்களா?"

பயப்பட வேண்டும் ஐயா. இன்றைக்கே சாவியை வீட்டில் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.

முன்பு லைசென்ஸ் முடிந்தபின் 30 நாள் சலுகை இருந்தது. 2019 சட்டத் திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். முடிந்த மறுநாளிலிருந்தே அது லைசென்ஸ் இல்லை. அப்போது இடித்தால் உங்கள் வண்டிச் சேதத்துக்குக் கம்பெனி கை விரிக்கும். எதிரே வந்தவருக்கு உயிர்ச்சேதம் என்றால் தீர்ப்பாயம் கம்பெனியை முதலில் கொடுக்கச் சொல்லி, அந்தத் தொகையை உங்களிடம் வசூலிக்க அனுமதிக்கலாம். நிலம் நீச்சு வைத்திருப்பவருக்கு இது எவ்வளவு பெரிய ஆபத்து என்று நான் சொல்லத் தேவையில்லை.

வழி எளிது. முடிந்த ஒரு வருடத்துக்குள் விண்ணப்பித்தால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை. டாக்டரிடம் படிவம் 1ஏ சான்றிதழ் வாங்க வேண்டும். கண்ணையும் அன்றைக்கே நன்றாகப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். 55 வயதைத் தாண்டியவர்களுக்கு ஐந்து ஐந்து வருடமாகத்தான் தருவார்கள். முடிவதற்கு ஒரு வருடம் முன்பிருந்தே புதுப்பிக்கலாம் என்பதால் கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள்.

"தென்னந்தோப்புலதான் வண்டி நிக்கும். தேங்காயோ மட்டையோ விழுந்தா தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ்ல காசு வருமா? இன்னொன்னு, சினிமா ஷூட்டிங்குக்கு வண்டி கேக்கறாங்க."
– பொள்ளாச்சி

தேர்ட் பார்ட்டியில் உங்கள் வண்டிக்கு ஒரு பைசா வராது. ஃபுல் இன்சூரன்ஸ் (தேர்ட் பார்ட்டியும் ஓன் டேமேஜும் சேர்ந்தது) இருந்தால், மேலிருந்து விழுந்த சேதம் வெளிப்புற விபத்துக் கணக்கில் வரும். அப்போதும் கிளெய்ம் தொகையில் கட்டாயப் பிடித்தம் உண்டு, அது உங்கள் கைக்காசு: 1500 சி.சி. வரை ₹1,000, அதற்கு மேல் ₹2,000. பேனட்டில் ஒரு சின்ன நசுங்கலுக்குக் கிளெய்ம் போட்டு 50 சதவீத என்.சி.பி.யை இழக்காதீர்கள். தென்னைக்குக் கீழே நிறுத்தாமல் ஒரு ஓலைச் சாளை போட்டு நிறுத்துங்கள்.

ஷூட்டிங்குக்கு வாடகை வாங்கிக்கொண்டு விட்டால் தனியார் கார் பாலிசி அந்த நேரத்துக்குச் செல்லாது. கல்யாண மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கு விடுவதும் அப்படியே. சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குக் காசு வாங்காமல் கொடுத்தால் பிரச்சினை இல்லை; ஓட்டுபவரிடம் லைசென்ஸ் இருக்க வேண்டும்.

"1968 ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் வெச்சிருக்கேன். வின்டேஜ்னு பதிஞ்சா பிரீமியம் பாதி ஆகும்னு சொல்றாங்க. பதியலாமா? வெள்ளிக்கிழமை வீட்டம்மாவோட அவிநாசி கோயிலுக்கு அதுலதான் போவேன்."
– திருப்பூர்

முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டி, சேஸிஸ், பாடி, இன்ஜின் பெரிதாக மாறாமல் இருந்தால் 2021 விதிப்படி வின்டேஜ் பதிவு கிடைக்கும். தேர்ட் பார்ட்டி பாதியாவதும் உண்மை. உங்கள் வண்டி 948 சி.சி., ஆகவே ₹2,094-க்குப் பதில் ₹1,047. பதிவுக் கட்டணம் ₹20,000, பத்து வருடத்துக்கு. சாதாரண வழியில் போனாலும் 20 வருடம் தாண்டிய காருக்கு ஆர்.சி. புதுப்பிக்க 2025 ஆகஸ்ட் முதல் ₹10,000, அதுவும் ஐந்து வருடத்துக்குத்தான். ஆக முதல் பத்து வருடத்துக்குப் பதிவுச் செலவு கிட்டத்தட்ட சமம். பிறகு வின்டேஜுக்கு மறுபதிவு ₹5,000 என்பதால் அந்தப் பக்கம் மலிவு.

ஆனால் வின்டேஜ் வண்டியைக் கண்காட்சி, ராலி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புவது போன்றவற்றுக்கு மட்டுமே ரோட்டில் எடுக்கலாம். வெள்ளிக்கிழமை அவிநாசி போக முடியாது. வருஷத்துக்கு ஆயிரம் சொச்சம் மிச்சம் பிடிக்க அந்தப் பயணத்தை விடாதீர்கள் என்பதே என் கருத்து. ஷெட்டை விட்டு இறங்காத வண்டி என்றால் தாராளமாகப் பதியுங்கள்.

"அப்பாரு தவறி எட்டு மாசம் ஆச்சு. அம்பாசடர் இன்னும் அவர் பேர்லயேதான் இருக்கு. இன்சூரன்ஸும் அவர் பேர்லதான் கட்டிட்டு வர்றோம்."
– காங்கேயம்

தம்பி, உரிமையாளர் இறந்தபின் பாலிசி மூன்று மாதம் வரை அல்லது அது முடியும் நாள் வரை, எது முந்தியோ அதுவரைதான் செல்லும். அதற்குப் பிறகு அவர் பெயரில் கட்டிய பணம் உங்களைக் காப்பாற்றாது. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம், படிவம் 31 இவற்றோடு ஆர்.டி.ஓ. ஆபீஸில் பெயர் மாற்றுங்கள். அதுவரை வண்டியை ரோட்டில் இறக்க வேண்டாம்.

"மாசத்துக்கு ரெண்டு தடவைதான் எடுக்கறோம். இன்சூரன்ஸ் இல்லாமலே விட்டா என்ன?"
– ஈரோடு

முதல் தடவை பிடித்தாலே ₹2,000 அபராதம், அடுத்து ₹4,000, சிறையும் சாத்தியம். குறைவாக ஓட்டுபவர்களுக்கு, ஓடும் கிலோமீட்டருக்கு ஏற்பக் கட்டும் வசதியை 2022-லிருந்து அனுமதித்திருக்கிறார்கள். உங்கள் மாடலுக்குத் தருகிறார்களா என்று கம்பெனியில் கேட்டுப் பாருங்கள்.

"பழைய வண்டின்னு ஃபுல் இன்சூரன்ஸ் தர மாட்டேங்கறாங்க. போன வருஷத்துக் கிளெய்மும் இழுத்தடிக்கறாங்க. யார்கிட்டப் போறது?"
– சேலம்

ஃபுல் இன்சூரன்ஸ் தர மறுப்பது கம்பெனியின் உரிமை. வேறு கம்பெனியைத்தான் பார்க்க வேண்டும். தேர்ட் பார்ட்டி மட்டும் மறுக்கக் கூடாது. கிளெய்ம் விஷயத்துக்கு, கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்ப்பவர்) போகலாம். ₹50 லட்சம் வரையிலான வழக்குகளை எடுத்துக்கொள்வார். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். கம்பெனி மறுத்த தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனு போய்ச் சேர வேண்டும். சர்வேயர் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி அதோடு இணையுங்கள்.