விறைத்த குட்டிக்கு முதலில் வேண்டியது எது?

கேள்வி: வெள்ளாடு வளர்க்கிறோம். மார்கழிப் பனியில் இரவு ஈன்ற குட்டி, காலையில் பட்டியில் விறைத்துக் கிடந்தது. அடுப்பருகே வைத்துச் சூடு காட்டிப் பாலும் புகட்டினோம். வலிப்பு வந்து இறந்துவிட்டது. ஏன், டாக்டர்?
– ஒரு வாசகி, தாளவாடி

பதில்: விறைத்த குட்டியைச் சாக்கில் சுற்றி யார் தூக்கி வந்தாலும், நான் முதலில் கேட்பது, "எப்போது ஈன்றது?" என்பதைத்தான் அம்மா. பிறந்து ஐந்து மணி நேரம் ஆகாத குட்டியின் உடலில் பிறவிக் கொழுப்பு மிச்சமிருக்கும். ஈரம் போகத் துடைத்து, சூடேற்றி, சீம்பால் கொடுத்தால் பெரும்பாலும் எழுந்துவிடும். உங்கள் குட்டியோ இரவெல்லாம் குடிக்காமல் கிடந்திருக்கிறது. கொழுப்பு தீர்ந்து, இரத்தத்தில் சர்க்கரையும் வற்றியிருக்கும். அந்த நிலையில் சூடேற்றினால், மந்தித்திருந்த மூளை விழித்துச் சர்க்கரை கேட்கும். அது கிடைக்காமல்தான் வலிப்பு வருகிறது. இப்படிப்பட்ட குட்டிக்குக் குளுக்கோஸ் முதலில், சூடு பிறகு. அதை வயிற்றறைக்குள் ஊசியாகப் போட வேண்டும். கால்நடை மருத்துவர்தான் போடலாம். உடனே கால்நடை அவசர உதவி எண் 1962-ஐ அழையுங்கள்.

ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். நலமான குட்டிக்கு 102 முதல் 104 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்கும். 99-க்குக் கீழே இறங்கினால் ஆபத்து. வீட்டுக் காய்ச்சல் வெப்பமானி எண் காட்டாமல் 'லோ' என்று நின்றாலும் அதே பொருள்தான்.

தலையைத் தானாக நிமிர்த்தாத குட்டியின் வாயில் பால் ஊற்றவே ஊற்றாதீர்கள். விழுங்கத் தெரியாமல் நுரையீரலுக்குள் போய்விடும். விரலை வாயில் வைத்தால் சப்ப வேண்டும், உடல் சூடும் 99-ஐத் தாண்ட வேண்டும். அதன் பிறகே சீம்பால். இரண்டு கிலோ குட்டிக்கு ஒரு வேளைக்கு 100 மில்லி போதும்.

அடுப்பு வேண்டாம். சுட்டாலும் விறைத்த குட்டியால் நகர்ந்துகொள்ள முடியாது, புகையும் கெடுதல். பாட்டில்களில் வெந்நீர் நிரப்பி, துணி சுற்றி, இருபுறமும் அணைத்து வையுங்கள். வெதுவெதுப்பான நீரில் முக்கி எடுப்போரும் உண்டு. குட்டியின் வாசனை போய்விட்டால் தாய் முட்டித் தள்ளக்கூடும் என்பதால் அதை நான் சொல்வதில்லை.

தை முடியும்வரை, சினையாடுகளை இரவில் காற்றுப் படாத மூலையில், காய்ந்த வைக்கோல் பரப்பிக் கட்டுங்கள். ஈன்றவுடன் மடியில் ஒரு பீச்சு பீச்சி, அடைப்பு நீங்கிப் பால் வருகிறதா என்று பார்த்துக் குட்டியை ஊட்டவிடுங்கள்.