பாட்டியின் காலைக் கழுவுவதும் ஊழியம்தானா?

கேள்வி: அன்புள்ள அக்கா, கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயனில் குடியிருக்கிறோம். நான் கொழுந்து பறிக்கப் போகிறேன். பக்கத்து வீட்டில் ஒரு பாட்டி தனியாக இருக்கிறார். சிலோனிலிருந்து வந்தவர். சர்க்கரை வியாதி, காலில் புண். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார், எப்போதாவதுதான் வருவார். காலையில் வெந்நீர் வைத்து, காலைக் கழுவிவிட்டு, சாயங்காலம் கஞ்சி கொடுப்பது நான்தான். இதனால் புதன்கிழமை நம் சபையின் பெண்கள் ஐக்கியக் கூட்டத்துக்கு ஒழுங்காகப் போக முடியவில்லை. "ஆண்டவருக்கு நேரம் கொடுக்க மாட்டேங்கிறே" என்கிறார்கள். "மாரியம்மன் கோயிலுக்குப் போறவங்களாச்சே, இயேசுவைப் பத்தி எப்பவாவது சொன்னியா?" என்றும் கேட்கிறார்கள். என் வீட்டுக்காரர், "நம்ம பிள்ளைங்களை யார் பார்க்கிறது?" என்கிறார். நான் செய்வது ஆண்டவருக்குச் செய்கிற ஊழியமா இல்லையா?
– ஒரு சகோதரி, கோத்தகிரி

பதில்: அன்புத் தங்கச்சிக்கு,

ஊழியம்தான். அதில் எனக்குத் துளிகூடச் சந்தேகம் இல்லை. யோவான் 13-ஆம் அதிகாரத்தை எடுத்துப் படியுங்கள். பந்தியிலிருந்து எழுந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பாத்திரத்தில் தண்ணீர் வார்த்துச் சீஷர்களின் கால்களைக் கழுவியவர் நம் ஆண்டவர். "நீங்களும் ஒருவருடைய கால்களை ஒருவர் கழுவக்கடவீர்கள்" என்று சொன்னவரும் அவரே. பெரிய வியாழனன்று பல ஆலயங்களில் அதை நினைத்து ஆராதனை நடத்துகிறோம். நீங்கள் அதை வேலைக்குப் போகும் அவசரத்தில், தினமும் செய்கிறீர்கள்.

கால் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். சர்க்கரை முற்றியவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிடும். தண்ணீர் கொதித்தாலும் தெரியாது. அதனால் "சூடு சரியா பாட்டி?" என்று கேட்டு ஊற்றாதீர்கள். உங்கள் முழங்கையை விட்டுப் பார்த்துவிட்டு, வெதுவெதுப்பாக மட்டும் ஊற்றுங்கள். காலை ஊறவைக்க வேண்டாம். கழுவியதும் விரலிடுக்கில் ஈரமில்லாமல் ஒற்றித் துடைத்து, உள்ளங்காலை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். புதிதாகக் கொப்புளமோ, வீக்கமோ, கறுப்போ, வாடையோ இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். வலிக்கவில்லை என்று பாட்டி சொல்வதை நம்பி நாள் கடத்தக் கூடாது. புண்ணுக்குக் கட்டுப் போடுவதை மட்டும் நர்சம்மா சொல்கிறபடி செய்யுங்கள்.

அடுத்து, "இயேசுவைப் பத்திச் சொன்னியா?" என்ற கேள்வி. கேட்டவர்கள் கெட்ட எண்ணத்தில் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் பாட்டி நம் சபைக்கு வருவார் என்ற கணக்கில் ஊற்றுகிற கஞ்சி அன்பாகாது, அது பேரம். லூக்கா 17-ல் பத்துக் குஷ்டரோகிகள் சுகமானார்கள், ஒருவன்தான் திரும்பி வந்தான். மற்ற ஒன்பது பேரின் சுகத்தை இயேசு திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. ஒரு நாள் பாட்டியே "ஏன் கண்ணு எனக்கு இதெல்லாம் செய்றே?" என்று கேட்டால், உங்கள் மனசில் இருப்பதை மறைக்காமல் சொல்லுங்கள். கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடு பதில் சொல்ல ஆயத்தமாக இருங்கள் என்றுதான் பேதுருவும் எழுதுகிறார். அதுவரை அவர் சொல்வதை நீங்கள் கேளுங்கள். 1964-ல் இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு அங்கிருந்து வந்த குடும்பங்களில், அண்ணன் அங்கே தங்கை இங்கே என்று பிரிந்துபோனவை எத்தனையோ. பாட்டிக்கும் சொல்வதற்கு நிறைய இருக்கும். கஞ்சி கொடுத்துவிட்டு அஞ்சு நிமிஷம் பக்கத்தில் உட்காருங்கள்.

உங்கள் வீட்டுக்காரர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அதைத் தட்டிவிடாதீர்கள். நல்ல சமாரியன் கதையில் நாம் கவனிக்காமல் தாண்டிப் போகிற ஆள் ஒருவர் இருக்கிறார், அந்தச் சத்திரக்காரர். வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்குச் சமாரியன் காயம் கட்டினான், தன் வாகனத்தில் ஏற்றினான், அன்று ராத்திரி கூடவே இருந்து கவனித்தான். மறுநாள் இரண்டு பணத்தை எடுத்துச் சத்திரக்காரன் கையில் கொடுத்து, "இவனை விசாரித்துக்கொள்" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனான். செலவு அதிகமானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றும் சொன்னான். கைகழுவவும் இல்லை, எல்லாவற்றையும் தானே இழுத்துப் போட்டுக்கொள்ளவும் இல்லை. அப்போஸ்தலர் 6-லும் இதே கதைதான். விதவைகளுக்கு அன்றாடக் கவனிப்பு சரியாக நடக்கவில்லை என்று முறுமுறுப்பு வந்தபோது, சபை ஏழு பேரைத் தெரிந்தெடுத்தது.

அதனால் அடுத்த புதன்கிழமை கூட்டத்துக்குப் போங்கள். ஜெபக் குறிப்பு கேட்கும்போது பாட்டியின் பெயரைச் சொல்லுங்கள். அப்புறம் அங்கேயே, "வாரத்தில் இரண்டு நாள் சாயங்காலக் கஞ்சியை யார் பார்த்துக்கொள்கிறீர்கள்?" என்று கேட்டுவிடுங்கள். கூச்சப்பட வேண்டாம். குறை சொன்னவர்களிலேயே ஒருத்தர் முதலில் கை தூக்கலாம், மனிதர்கள் அப்படித்தான். யாருமே முன்வராவிட்டால் போதகரிடம் பேசுங்கள். பிள்ளைகளுக்கு அந்த இரண்டு சாயங்காலமாவது அம்மா கிடைக்க வேண்டும்.

மகனுக்கும் போன் போடுங்கள். "உங்க அம்மாவை நீங்க கவனிக்கிறதே இல்லை" என்று ஆரம்பித்தால் பேச்சு அதோடு முறிந்துவிடும். "அண்ணா, புண் இப்படி இருக்கு, இந்தத் தேதி டாக்டரைப் பார்க்கணும், நீங்க வரணும்" என்று தேதி போட்டுக் கேளுங்கள். தாயைப் பார்க்கிற கடமையை அவரிடமிருந்து நீங்கள் வாங்கிக்கொள்ளக் கூடாது.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பாட்டியின் பெயர் இருக்கிறதா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். 2021-லிருந்து நடக்கிறது, சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பார்கள். முதியோர் உதவித்தொகை வராவிட்டால் இ-சேவை மையத்தில் கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக, குளிர். "குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று வாயால் சொல்லிவிட்டு, சரீரத்துக்கு வேண்டியதைக் கொடுக்காவிட்டால் பிரயோஜனமென்ன என்று யாக்கோபு கேட்பது, உறைபனி பார்த்த நமக்கு இன்னும் கொஞ்சம் உறைக்கும். ஆனால் ராத்திரி கரி அடுப்பைப் பாட்டியின் அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிடாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். படுக்கும் முன் அடுப்பை வெளியே எடுத்து வையுங்கள். இன்னொரு கம்பளி வேண்டியிருந்தால், அதையும் புதன்கிழமையே கேளுங்கள்.